பாதி முகம்

செல்லம்மா,

நலம் என்று தொடங்கி மற்றவர்களுக்காக எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஆட்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். காய்ச்சலில் கிடப்பவனும் "சுகமா இருக்கேன்னு போடுங்கண்ணே" என்பான், நானும் போட்டுவிடுவேன். உனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. இன்று காலை ஸ்டோரில் நான் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து நின்றார். சித்தியவானிலிருந்து தோட்டத்து லாரியில் ஈப்போவுக்குச் சாமான் ஏற்ற வந்தவர், மாமனாரைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று இங்கே சிம்பாங் பூலாய் வரைக்கும் வந்திருக்கிறார். கையில் கருவாட்டுப் பொட்டலம். நீதான் கொடுத்தனுப்பியிருப்பாய் என்று கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒங்க மக சாமானியப்பட்டவ இல்ல மாமா. செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கா. ஏன் இப்பிடி ஒடம்பக் கெடுத்துக்கிறேன்னு கேட்டா, எல்லாம் ஒங்க உசுருக்குத்தாங்கிறா. எங்க லயமே அவள மெச்சுது லா," என்றார். விரதத்தன்று சாயங்காலம் உனக்குத் தலைவலி வருகிறதா என்று கேட்டேன். "ஆமா மாமா, அது எப்பிடி ஒங்களுக்குத் தெரியும்? ஒரு பக்கமா மண்டய இடிக்குதும்பா, வாந்தி வேற எடுப்பா. விரதம் இருந்தா சாமி சோதிக்கும்னு சொல்லுவா." இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார் பார், அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது. உன் அம்மாவைப் பற்றி இதே ஸ்டோர் வாசலில் நானும் அப்படித்தான் நின்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். எனக்குப் புரிந்துவிட்டது. நீ அவர் முகத்தைப் பாதியாகப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, அவருக்குச் சாவு நெருங்குகிறது என்று பயந்து, உன் அம்மா செய்ததையே நீயும் செய்யத் தொடங்கியிருக்கிறாய். இல்லை என்று என்னிடம் சாதிக்காதே அம்மா. நீ பொய் சொல்லும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நான் சொல்லப்போவது உனக்குக் கோபத்தை உண்டாக்கும். அதற்குமுன் எங்கள் கல்யாணத்தைக் கேள். இதே தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் நடந்தது. பெண்ணுக்கு விடிந்ததிலிருந்து பட்டினி. பெரிய கங்காணி வராமல் தாலி கட்டக்கூடாது என்று எல்லாரும் காத்துக்கிடந்தோம். அவர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஓமப் புகை வேறு. தாலி கட்டி, அம்மி மிதிக்கவைத்து, பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து, பூசாரி வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். பட்டப்பகலில் எவளுக்கு நட்சத்திரம் தெரியும்? கேட்கிற பூசாரிக்கும் தெரியாது, விரலை நீட்டிக் காட்டுகிற எனக்கும் தெரியாது. எல்லாப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு தெரிகிறது என்பார்கள், சடங்கு முடிந்துவிடும். உன் அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள், கண்ணைக் கசக்கினாள், மறுபடியும் பார்த்தாள். "தெரியலீங்க. வானமே பாதிதான் தெரியுது," என்றாள்.

கூட்டம் சலசலத்தது. என் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "அருந்ததி தெரியாட்டி தாலிக்கு ஆகாதும்பாங்களே," என்று எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். அதைக் கேட்ட உன் அம்மா வெடுக்கென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போது என் முகத்தில் பாதிதான் இருந்ததாம். மூக்குக்கு ஒரு பக்கம் நான் இருந்தேன், இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. கறுப்பாகக்கூட இல்லையாம், வெறுமனே இல்லையாம். அந்த இல்லாத இடத்தின் ஓரத்தில் மட்டும் ரம்பத்தின் பல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்து நெளிந்து மின்னிக்கொண்டிருந்ததாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது கடைசிக் காலத்தில்தான். அன்றைக்கு நான் கண்டதெல்லாம், மணவறைக்குத் திரும்பிய பெண் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டதையும் வாந்தி எடுத்ததையும்தான். பசி மயக்கம் என்று சொல்லி மோர் கொடுத்தார்கள். அது எவ்வளவு உண்மை என்பது சொன்னவர்களுக்கே தெரியாது.

கல்யாணம் ஆன அந்த வாரத்திலேயே செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தாள். வந்த உடனேயே எனக்காகப் பட்டினி கிடக்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ மறுபடியும் என் பாதி முகம் தெரிந்தது. ஒரு நாள் விரதம் போதவில்லை என்று முடிவு கட்டி வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். அதன்பிறகு இன்னும் அடிக்கடி தெரிந்தது. சனிக்கிழமையும் சேர்ந்தது. அந்தப் பாதி முகம் பெரும்பாலும் அவள் பட்டினி கிடந்த நாளில்தான் வந்தது, செல்லம்மா. அதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டுத் தலைகீழாகப் புரிந்துகொண்டாள். எனக்குக் கண்டம் வருகிற நாளாகப் பார்த்துத் தான் விரதம் இருந்ததால் நான் தப்பித்தேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் என் முகம் முழுதாகத் திரும்பிவிடும் அல்லவா? அம்மன் இரங்கிவிட்டாள் என்று நினைப்பாள். அதற்குப் பிறகு வருகிற மண்டையிடியை அதற்குக் கொடுக்கிற காணிக்கை என்று எண்ணி, சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டு கிடப்பாள். ஈரத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வெளிச்சம் படாமல் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாளே, உனக்கு நினைவிருக்கும்.

வேலைக்காடு பட்டினியைப் பார்க்குமா? விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு மரம் சீவப் போவாள். சீவிக்கொண்டிருக்கும்போதே பட்டையில் பாதியைக் காணாது. கத்தி எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிடும். ஒருநாள் கங்காணி என்னையும் வைத்துக்கொண்டு கத்தினார்: "என்னாம்மா, மரத்த சீவுறியா, கொத்துறியா? எல்லாக் காயமும் எடது பக்கமாவே இருக்கு. அந்தப் பக்கம் ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" அவள் குனிந்து கத்தியைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் கோளாறு என்று சொன்னால் சீவுகிற வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டுவிடுவார்கள். அதைவிட, எதைப் பார்த்தாள் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது பலித்துவிடும் என்ற பயம். அவளுடைய நிரையில் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. காயம் ஆறின இடத்தில் பட்டை முண்டு முண்டாகப் புடைத்திருக்கிறது. நான் அந்த வழியாகப் போவதைக் கூடுமானவரை தவிர்த்துக்கொள்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து, அரிசிக்கு அலைந்து, பால் விலையும் விழுந்த அந்தக் கெட்ட காலத்தில் குளிர்காய்ச்சல் வந்தது. லயத்தில் எல்லாரையும் போட்டுப் பார்த்தது. மற்றவர்கள் கஞ்சியைக் குடித்துக் கொய்னா மருந்தை விழுங்கி எழுந்துகொண்டார்கள். உன் அம்மாவின் உடம்பில் எழுந்திருக்க ஒன்றும் மிச்சமில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வந்து இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே, இந்தம்மா சாப்பிடுதா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். விரதம் இருப்பாள் என்றேன். அப்போதும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

கடைசி நாளில் நீ அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பாவாடை தாவணி போடுகிற வயதுகூட வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "இந்தாங்க, இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க," என்றாள். போய் நின்றேன். என்னை வெகுநேரம் பார்த்தாள். "முழுசா தெரியுறீங்க. நெத்தி, ரெண்டு கண்ணு, மீச, எல்லாம் இருக்கு. இனிமே ஒங்களுக்கு ஒண்ணும் வராது," என்றாள். பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கல்யாணப் பந்தலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். உன் முன்னால்தான் சொன்னாள். உனக்கு இது என்னத்தைப் புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். உன் கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எல்லாம் உனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் சந்தோஷமாகத்தான் போனாள். அப்படி ஒரு நிறைவான முகத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

அப்புறம் இந்தத் தோட்டத்தில் என் பெயரே மாறிப்போயிற்று. பொண்டாட்டி விரதத்தால் பிழைத்தவன் என்றார்கள். "அவ வாங்கிக் குடுத்த உசுரு, பத்திரமா வச்சுக்குங்க," என்று கோயிலில் பெண்கள் என் கையில் திருநீறு கொடுக்கும்போது சொல்வார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு வாங்கிப் பூசிக்கொள்வேன். நீ அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தாய். பாதி முகம் தெரிந்தால் சாவு, விரதம் இருந்தால் தப்பலாம், இதற்குச் சாட்சி எங்கப்பா என்று உன் மனதில் பதிந்திருக்கிறது. நான் பால் நிறுத்துக்கொண்டு, கருவாடு தின்றுகொண்டு, உயிரோடு இருக்கிறேன் பார். இதைவிட வேறு சாட்சி எதற்கு என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

நீ பெரியவளான பிறகு ஒருநாள், புல் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, "அப்பா, கண்ணுல என்னமோ மினுங்குதுப்பா," என்று கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாய். மாட்டு வண்டியில் போட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். நீ தலைவலியோடு விராந்தையில் படுத்திருந்தாய், அதனால் அவர் என்னிடம் பேசியது உனக்குக் கேட்கவில்லை. இதற்குமுன் வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்றார். உன் அம்மாவுக்கு என்றேன். ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கோட்டைச் சுவரின் விளிம்பு மாதிரி மேலும் கீழுமாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இப்பிடித்தானே மின்னுறது? பேந்து ஒரு பக்கம் காணாமல் போகும், என்ன?" என்றார். நேரில் பார்த்தவர் மாதிரி சொல்கிறீர்களே என்றேன். "எனக்கும் இருக்கு. போன கிழமை ஒரு ஆளின்ரை பாதி முகத்தைப் பாத்துத்தான் மருந்து எழுதினனான். அந்த மனுசன் நல்லாத்தான் இருக்கிறார்," என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "இது ஒற்றைத் தலைவலி. தலைவலிக்கு முன்னாலை சிலருக்குப் பார்வையிலை இப்பிடிக் காட்டும். பழுது கண்ணிலை இல்லை, மூளையிலை ஓடுற ஒரு கோளாறு. ஒரு கண்ணைப் பொத்தினாலும் அதுதான், மற்றக் கண்ணைப் பொத்தினாலும் அதுதான். அரை மணித்தியாலத்துக்குள்ளை பெரும்பாலும் போயிடும். கண் போகாது, பயப்பிடாதேங்கோ. ஆனா ஒண்டு, பிள்ளையைப் பட்டினி கிடக்க விடாதேங்கோ. இந்த வருத்தக்காரருக்குப் பசிதான் பெரிய எதிரி. சாப்பாடு தவறினால் அது ஓடி வரும்." எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நீ எழுந்துவந்து, "டாக்டரு என்னப்பா சொன்னாரு?" என்றாய். "வெறும் தலவலிதானாம்மா. காலாகாலத்துல சாப்பிடணுமாம்," என்றேன். அவ்வளவுதான் உனக்குச் சொன்னது. அன்றிலிருந்து கஞ்சி குடிக்காமல் உன்னை லயத்தைத் தாண்டவிட மாட்டேன். இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே குடிப்பாய். உன் கல்யாணத்தன்றுகூட, அத்தைமார் ஏசினாலும், மணவறைக்குப் போகுமுன் உனக்குப் பின்கட்டில் வைத்து இட்டிலி ஊட்டினேன். சோறு போட்டே இதைச் சமாளித்துவிடலாம், மற்றதைச் சொல்லவேண்டிய தேவை வராது என்று இருந்தேன்.

அந்த மற்றதைத்தான் இப்போது எழுதவேண்டியிருக்கிறது. உன் அம்மா என்னைக் காப்பாற்றவில்லை, செல்லம்மா. எனக்குச் சாவு எதுவும் வரவே இல்லை. கல்யாணப் பந்தலில் நான் நல்ல ஆரோக்கியமாகத்தான் நின்றேன். பசித்த வயிறும் வெயிலும் புகையும் சேர்ந்து அவள் பார்வையில் பாதியை மறைத்தன. அதற்குப் பயந்து அவள் மேலும் பசியோடு கிடந்தாள், அதனால் மேலும் மறைந்தது, அதற்காக மேலும் பட்டினி. அப்படியே தேய்ந்து போனாள்.

இந்த நாலு வரியை எழுதிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவள் போகும்போது கையில் இருந்த ஒரே ஒரு சந்தோஷம் அதுதான். புருஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக் கண்ணை மூடினாள். அதை அவளிடமிருந்து பிடுங்குகிற மாதிரி இருக்கிறது எனக்கு. நீ என்மேல் கோபப்படுவாய், அம்மாவின் விரதத்தை வீண் என்கிறாரே என்று அழுவாய். அழு. நானும் அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் என்மேல் வைத்திருந்த பிரியம் பொய்யில்லை, அதை நினைத்துத்தான் இத்தனை வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் என்னுடைய தேறுதலுக்காக உன்னையும் இழக்க என்னால் முடியாது. இன்னொரு தடவை ஒரு டிரஸர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிறாளா என்று உன் புருஷனைக் கேட்கக்கூடாது.

என் பேச்சை நம்பமுடியாவிட்டால் நீயே சோதித்துப் பார். அடுத்த தடவை மாப்பிள்ளையின் முகம் பாதியாகும்போது அவரை விட்டுவிட்டு அடுப்பைப் பார், தண்ணீர்ப் பானையைப் பார், அடுத்த வீட்டு ஆட்டைப் பார். எல்லாம் பாதிதான் தெரியும். பானைக்குமா ஆயுசு முடிகிறது? அவர் இல்லாத நேரத்திலும் இது உனக்கு வந்திருக்குமே, யோசித்துப் பார். வந்தால் கையில் கத்தி இருந்தால் கீழே வை. வண்டி போகிற சடக்கைக் கடக்காதே, அடுப்புப் பக்கம் போகாதே. இருட்டான இடத்தில் கண்ணை மூடிப் படு. போய்விடும். தலைவலி வரும், அது பொல்லாதது, அதை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வெறும் வலிதான், யாருடைய சாவையும் அது சொல்லவில்லை. அம்மனைக் கும்பிடாதே என்றும் சொல்லமாட்டேன். பூப் போடு, விளக்கேற்று, வாய்விட்டுக் கேள். வயிற்றைக் காயப்போட்டால்தான் அவள் காதில் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படி அவள் கேட்கிறவளாக இருந்தால், உன் அம்மாவை எனக்கு விட்டுவைத்திருப்பாள்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. மாப்பிள்ளை கையில் விரித்தபடியே கொடுக்கப்போகிறேன். வழியில் ஆற்றுத் துறையில் படகுக்காக லாரி எப்படியும் காத்து நிற்கும், அங்கே உட்கார்ந்து வாசியுங்கள் என்று சொல்லப்போகிறேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் சித்தியவானே வந்துவிடலாம், பரவாயில்லை. இது புருஷனுக்கும் தெரியவேண்டிய சங்கதி. மாப்பிள்ளை, இந்த இடத்தை நீங்கள் வாசிக்கும்போது உங்களுக்குச் சொல்கிறேன்: அவள் பட்டினியைப் பற்றி இனிமேல் யாரிடமும் பெருமையாகச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேளுங்கள். அவள் சாப்பிடாமல் நீங்கள் சாப்பிடாதீர்கள்.

செல்லம்மா, இன்று வியாழக்கிழமை. லாரி மத்தியானத்தில் கிளம்பினால் பொழுது சாய அவர் உன் வாசலில் வந்து நிற்பார். ஊரெல்லாம் மெச்சுகிற விரதத்தை நடுவில் விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசட்டும். உன் அம்மாவுக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. எழுந்ததும் உலை வை, அம்மா. சாப்பிடு.

உன் அப்பா